வெள்ளைத் தரைக்கு ஒரு பாராட்டுரை

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது அவன் மனதில் என்ன இருந்தது என்று அறிஞர்கள் இன்றுவரை குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் குழப்பம் ஏதும் இல்லை. பின்னொரு காலத்தில் புறவழிச்சாலை ஓரம் கண்ணாடி மாளிகையாக எழும்பப்போகும் ஒரு கார் விற்பனை மற்றும் சேவை நிலையத்துக்கு உருண்டுபோய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அவன் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். மனித நாகரிகம் அங்கே வந்து நிறைவடைகிறது. அதற்கு அப்பால் இருப்பது வாகன நிறுத்துமிடம் மட்டுமே.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாராட்டுவது என் தொழில். ஓய்வு பெறும் அதிகாரி, கிளை திறக்கும் வங்கி, ஆண்டு நிறைவு கொண்டாடும் பல் மருத்துவமனை என்று யாருக்கு விழா எடுத்தாலும் பாராட்டுரை எழுதித் தருவேன். 'ஈடு இணையற்ற', 'தன்னலம் கருதாத' போன்ற சொற்கள் எப்போதும் என் கையிருப்பில் இருக்கும். மேற்படி நிலையத்தின் மேலாளருக்கு இந்த ஆண்டின் 'சேவைச் செம்மல்' விருது வழங்கப்படுகிறது. வழங்குவது அந்த நிலையமேதான். வெளியாரிடம் விட்டால் தகுதி பார்த்துவிடுவார்களோ என்று பயந்திருக்கலாம். பாராட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதுவதற்கு முன் உண்மைகளைத் திரட்டுவது என் பழக்கம். திரட்டியவற்றை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

எங்கள் கார் புதியது. இன்னும் ஒரு வயது முடியவில்லை. அதை வாங்கியது அக்காவுக்காக. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டதால், எங்களோடு வந்து தங்கியிருக்கிறாள். திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் அவள் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே அனுப்பும். ஒருமுறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். வாடகைக் கார்க்காரர்கள் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தார்கள். அதனால்தான் சொந்தக் கார். ஓட்டுவது என் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பாராட்டுவது நான்.

அந்த நிலையத்தில் முதல் இலவச சர்வீஸ் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த சில நாட்களில் என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, வண்டிக்கு அடியில கறுப்பா ஏதோ சொட்டியிருக்கு."

"நிழலா இருக்கும்."

"நிழல் கையில ஒட்டுமா?" என்று விரலைக் காட்டினாள்.

அக்கா ஜன்னலில் இருந்து சொன்னாள்: "அடியில ஒரு அட்டையை விரிச்சு வைடா. நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும்."

விரித்தேன். காலையில் அட்டையில் சப்பாத்தி அளவுக்கு ஒரு கறை இருந்தது. எஞ்சின் ஆயில்தான். சந்தேகமே இல்லை. அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனோம்.

அங்கே போனவர்களுக்குத் தெரியும், வரவேற்பு என்றால் அதுதான் வரவேற்பு. வாசல் காவலர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். என்ன கோளாறு என்று நாம் வாயைத் திறப்பதற்குள் வண்டியை நம்மிடமிருந்து வாங்கி 'இலவச வாட்டர் வாஷ்' கொட்டகைக்குள் ஓட்டிப் போய்விட்டார்கள். அங்கே அதைத் தூக்கி நிறுத்தி, நுரை அடித்து, மேலே, கீழே, எஞ்சின் இடுக்கு, சக்கர இடுக்கு எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய்கூடக் காதுக்குப் பின்னால் இவ்வளவு தேய்க்க மாட்டாள். நாங்கள் குளிரூட்டிய அறையில் மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்தோம். காப்பி இயந்திரத்தில் எட்டுப் பொத்தான்கள் இருந்தன. எதை அமுக்கினாலும் ஒரே ருசிதான் வந்தது. பாகுபாடு பார்க்காத நிறுவனம்.

அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புதுக் கார்களை ஒப்படைக்கும் கூடம். தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். முகம் பார்த்துத் தலை சீவலாம். அதன் மேல் ஒருவர் துடைப்பானோடு இடைவிடாமல் நடந்துகொண்டே இருந்தார்.

எங்களிடம் வந்த இளைஞரின் சட்டையில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்' என்று எழுதியிருந்தது.

"ஆயில் லீக் ஆகுதுங்க," என்றாள் என் மனைவி.

மகிழ்ச்சி அலுவலரின் முகத்தில் மகிழ்ச்சி சற்று விலகிப்போனது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார். "மேடம், அந்த வார்த்தையை நாங்க இங்க யூஸ் பண்றதில்ல."

"எந்த வார்த்தை? லீக்கா?"

"மெதுவா மேடம். பக்கத்து டேபிள்ல ஒரு ஃபேமிலி புக்கிங் போட்டுட்டு இருக்காங்க."

"அப்ப என்னன்னு சொல்றது?"

"'ஈரப்பதம்'னு சொல்லலாம்."

காப்பி ஆறுவதற்குள் ஆய்வு முடிந்துவிட்டது. மகிழ்ச்சி அலுவலர் மகிழ்ச்சியைத் திரும்ப அணிந்துகொண்டு வந்தார். "அடியில முழுக்கப் பார்த்தாச்சு மேடம். பளபளன்னு இருக்கு. ஒரு சொட்டுகூட இல்ல."

என் மனைவி அட்டையை விரித்துக் காட்டினாள். "அப்ப இது?"

"புது எஞ்சின் மேடம். ஆரம்பத்துல கொஞ்சம் வேர்க்கும்."

"கறுப்பாவா வேர்க்கும்?"

"உழைக்கிற எஞ்சின் மேடம்."

நான் நெகிழ்ந்துபோனேன். வியர்வைக்கு மரியாதை கொடுக்கும் நிறுவனத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வெளியே வந்தபோது வண்டி கல்யாணப் பெண்ணைப் போல நின்றது. அக்கா மட்டும் வீட்டில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குளிப்பாட்டி அனுப்பியிருக்கானுங்க. வைத்தியம் பார்த்தானுங்களா?" என்று கேட்டாள். பாராட்டத் தெரியாதவள்.

மறுநாள் அட்டையில் மறுபடி கறை. கூடவே, மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டியின் முகப்பில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கத் தொடங்கியது. இரண்டாம் முறை போனோம்.

"இன்னைக்குக் கழுவ வேண்டாங்க. நேரம் ஆகுது, பார்த்துட்டு மட்டும் குடுங்க," என்றாள் என் மனைவி.

"அது முடியாது மேடம். சிஸ்டம்ல 'வாஷ் முடிந்தது'ன்னு டிக் பண்ணாதான் அடுத்த பக்கமே திறக்கும்."

"திறக்கலைன்னா?"

"உங்க வண்டி இங்க வரவே இல்லன்னு ஆகிடும்."

வராத வண்டியை எப்படிச் சரி செய்ய முடியும்? நியாயம்தானே. கழுவினார்கள்.

இந்த முறை எங்கள் பொருட்டு ஓர் உயர்மட்டக் கூட்டமே நடந்தது. கண்ணாடி அறையில் மேலாளர், தர அலுவலர், மகிழ்ச்சி அலுவலர் மூவரும் ஒரு பக்கம். நாங்கள் இருவரும் எங்கள் அட்டையும் மறு பக்கம். மேலாளர் வெள்ளைச் சட்டையும் மென்மையான குரலும் உடையவர். அட்டையைத் தொடாமல் நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஆயில் உங்க வண்டியோடதுதான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"எங்க வண்டிக்கு அடியில இருந்துச்சு."

"அடியில இருக்கிறதெல்லாம் உங்க வண்டியோடதாகிடுமா மேடம்? பூமிகூட அடியிலதான் இருக்கு."

தர அலுவலர் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "பக்கத்துல வேற யாராவது வண்டி நிறுத்துறாங்களா?" என்று கேட்டார்.

"எங்க வண்டிக்கு அடியிலயா?" என்றாள் என் மனைவி.

விரிவான ஆலோசனைக்குப் பின் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வண்டி 'தொடர் கண்காணிப்பில்' வைக்கப்படும். கண்காணிக்க வேண்டியவர்கள் நாங்கள். மினுக்கும் விளக்குக்கும் வழி செய்யப்பட்டது. மென்பொருளைப் புதுப்பித்ததும் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டது.

"சென்சார் கொஞ்சம் பயந்த சுபாவம் சார். சும்மா சும்மா எரியும். அடக்கி வெச்சிட்டோம்," என்றார் தர அலுவலர்.

எழுந்திருக்கும்போது மேலாளர் என் தொழிலை விசாரித்தார். சொன்னேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "சார், எனக்கு ஒரு அவார்டு வருது. பாராட்டுரை நீங்கதான் எழுதணும்." நான் சம்மதித்தேன். வழியெல்லாம் என் மனைவி என்னோடு பேசவில்லை. வண்டிக்குள் அவர்கள் தொங்கவிட்டிருந்த வாசனை அட்டை கமகமத்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிகிச்சை இல்லாததால் திங்கட்கிழமைகளில் அக்காவின் கால் வீங்கி, முகம் உப்பியிருக்கும். அன்று மேம்பாலத்தின் உச்சியில் எஞ்சின் தகரப் பெட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போலச் சத்தம் போட்டது. அடக்கி வைத்திருந்த விளக்கு அடங்காமல் முழுச் சிவப்பாக எரிந்தது. என் மனைவி சட்டென்று எஞ்சினை அணைத்து ஓரம் கட்டினாள். பாலத்தின் மேல் எந்த வாடகைக் காரும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒலிப்பானை அழுத்தி எங்கள் குடும்பத்தை விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்காவால் பாலத்திலிருந்து நடந்து இறங்கவும் முடியாது. வெயிலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

நெடுநேரம் கழித்து ஓர் ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார். நாளை காலையில் வரச் சொன்னார்கள். மறுநாள் விடிந்ததும் அக்காவுக்கு மூச்சு வரவில்லை. உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினாள். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். உடன்பிறப்பு என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவசரப் பிரிவின் கதவு மூடிக்கொண்டபோது, என் கையிருப்பில் இருந்த சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

பிழைத்துக்கொண்டாள். மதியம் இயந்திரம் அவள் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்க, அருகில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என் மனைவியின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. பாலத்திலிருந்து வண்டியை இழுத்துப்போன நிலையம் அனுப்பியது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'அன்பான வாடிக்கையாளரே! தங்கள் வாகனம் கழுவப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, ஈரப்பதம் ஏதும் இல்லை என உறுதி செய்யப்பட்டது. ஆயில் அளவைக் கவனிக்காமல் ஓட்டியது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. புதிய ஆயில் நிரப்பப்பட்டுள்ளது. புன்னகையுடன் பயணியுங்கள்.'"

அக்கா கண்ணைத் திறந்தாள். "இன்னொரு தடவை படி."

"கழுவப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு..."

"நிறுத்து. எது முதல்ல?"

"கழுவுறதுதான் அண்ணி. எப்பவும் அதான் முதல்ல. அதை முடிக்காம அடுத்த பக்கம் திறக்காதாம்."

அக்கா சிரிக்க முயன்றாள். இருமல்தான் வந்தது. "இங்க என்னைக் கழுவுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுப்பாங்க, கழுவினதுக்கு அப்புறம் ஒண்ணு எடுப்பாங்க. முன்னாடி எடுக்கிறதை விட்டுட்டுப் பின்னாடி மட்டும் எடுத்துப் பாரு. என் ரத்தம் பளிங்கு மாதிரி இருக்கும். 'உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லம்மா, கொஞ்சம் வேர்க்குது'ன்னு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று முறை. மூன்று முறையும் கறையைக் கழுவிவிட்டு, கறை எங்கே என்று தேடியிருக்கிறார்கள். ஏமாற்று வேலை என்றுகூடச் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவனுக்கு உண்மை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். இவர்கள் அதையும் கழுவிவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து தேறிய பிறகு, ஆஸ்பத்திரி இல்லாத ஒரு நாளில் கிளம்பினோம். நிலையத்திலிருந்து திரும்பி வந்திருந்த வண்டியில் ஆயில் இருந்தது. அட்டையில் புதுக் கறையும் இருந்தது. அக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"விடையைச் சரி பார்க்க வேண்டாமா? ஓட்டு."

நிலையத்து வாசலில் காவலர் சல்யூட் வைத்துவிட்டு வாஷ் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். என் மனைவி அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வண்டியை மறுபக்கம் திருப்பினாள். கூடத்தின் கண்ணாடிக் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே ஒரு குடும்பம் புதுக் காரின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. புதுக் கார்கள் இறங்கி வெளியே போவதற்கான சரிவில் எங்கள் கார் ஏறி, கூடத்துக்குள் நுழைந்து, வெள்ளைத் தரையின் நட்டநடுவில் போய் நின்றது. எஞ்சினை அவள் அணைக்கவில்லை.

மகிழ்ச்சி அலுவலர் ஓடி வந்தார். "மேடம்! மேடம்! இது டெலிவரி ஹால்!"

"டெலிவரி குடுக்கத்தான் வந்திருக்கேன்," என்றாள் என் மனைவி.

தர அலுவலர் வந்தார். "முதல்ல வாஷுக்கு விடுங்க மேடம், எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

யாரும் அசையவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வெள்ளை டைல்ஸின் மேல் அது கறுப்பாக, வட்டமாக, அவசரப்படாமல் பரவியது. புதுக் கார் வாங்க வந்த பெண்மணி தன் குழந்தையை இழுத்துத் தள்ளி நிறுத்தினாள்.

மாடிப்படியில் மேலாளர் இறங்கிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் நின்றார். அந்த மென்மையான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"யோவ்! யாருய்யா அங்க! ஆயில் லீக் ஆகுதுய்யா! டைல்ஸ்! டைல்ஸ் போச்சு!"

அக்கா கார் கண்ணாடியை இறக்கினாள். "என்ன ஆகுது சார்?"

"லீக்! ஆயில் லீக்! கண்ணு தெரியலையாம்மா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது சார். உங்களுக்குத் தெரியுதான்னு பார்க்கத்தான் வந்தேன்."

பக்கத்து மேசையில் முன்பதிவுக்குக் கையெழுத்துப் போடப் போன ஒருவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். துடைப்பான்காரர் ஓடி வந்தார். "தொட்டுடாதீங்க," என்றாள் என் மனைவி. அந்த வேலையில் சேர்ந்த நாள் முதல் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர் துடைப்பானைச் சாய்த்து வைத்துவிட்டு இளைப்பாறினார்.

சரித்திரத்தில் முதன்முறையாக அந்த நிலையத்தில் ஒரு வண்டி கழுவப்படாமல் பரிசோதிக்கப்பட்டது. சிஸ்டம் திறக்காததால் கண்ணால் பார்த்தார்கள். காப்பி ஆறுவதற்குள் விஷயம் வெளிவந்துவிட்டது. ஆயில் வடிக்கும் திருகில் போட வேண்டிய சிறு செப்பு வளையம் இல்லை. முதல் இலவச சர்வீஸில் ஆயில் மாற்றியவர்கள் அதைத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். விரல் மோதிரத்தைவிடச் சிறியது. போட்டதும் சொட்டுவது நின்றுவிட்டது. அக்காவுக்கு நேர்ந்ததை என் மனைவி சொன்னாள். மேலாளருக்குக் குரல் மறுபடி மென்மையானது.

"நடந்ததை மறந்துடுவோம் சார். உங்க அக்காவுக்கு உடம்பு முடியாமப் போனது எனக்கே கஷ்டமா இருக்கு. எங்களால முடிஞ்சது, உங்க வண்டிக்கு ஆயுசு முழுக்க வாட்டர் வாஷ் இலவசம்."

நான் வண்டிக் கதவைத் திறந்தேன்.

"அப்புறம், அந்தப் பாராட்டுரை மட்டும் பாக்கி இருக்கு. முடிஞ்சா எங்க ஹாலைப் பத்தியும் நாலு வார்த்தை எழுதுங்க சார். எல்லாரும் முதல்ல பார்க்கிறது அதைத்தான்."

ஒத்துக்கொண்ட வேலையை நான் விட்டதில்லை. எழுதி அனுப்பிவிட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் இங்கே தருகிறேன்.

'சேவைச் செம்மல் அவர்களே! தங்கள் பார்வையின் கூர்மை ஈடு இணையற்றது. மாடிப்படியில் நின்றபடியே ஒரு சொட்டு ஆயிலைக் கண்டு பதறிய கண்கள் தங்களுடையவை. எங்கள் வண்டிக்கு அடியில் கிடந்தது ஈரப்பதம். எஞ்சினில் வழிந்தது வியர்வை. எரிந்த விளக்கு பயந்த சுபாவம். தங்கள் தரையில் விழுந்த பிறகே அது லீக் ஆனது. எனவே இனி வரும் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: குறையைத் தங்களிடம் சொல்ல வேண்டாம், தங்கள் தரையில் கொண்டுவந்து போடட்டும். மேம்பாலத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தது என் அக்கா செய்த பிழை. அவள் இந்த வெள்ளைத் தரையில் வந்து விழுந்திருந்தால், கறை படியுமே என்ற பதற்றத்திலாவது தாங்கள் ஓடி வந்து தூக்கியிருப்பீர்கள்.'